நாகையில் கிடைத்தவற்றில் பத்தையாவது நாகைக்குத் தாருங்கள்

அருங்காட்சியகங்களின் பொறுப்பை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். 1856 முதல் 1930கள் வரை நாகப்பட்டினத்தின் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டதையும், அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதையும் தாங்கள் நன்கறிவீர்கள். அவற்றில் பத்தையாவது நாகையிலேயே நிரந்தரமாகக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சென்ற மாதம் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அவற்றைக் காட்டச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். பேருந்துக் கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் பதினெட்டுப் பேர்தான். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளில் பலர் வரவில்லை. இரவெல்லாம் 300 கிலோமீட்டர் உட்கார்ந்தே வந்தவர்களில் பாதிப் பேர் கூடத்தின் ஓரத்தில் கண்ணயர்ந்துவிட்டார்கள். வெளிப்பாளையத்துச் சிறுமி ஒருத்தி மட்டும், தலையில் சுடர் எழும் புத்தரின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, "டீச்சர், இவரு நம்ம தெருவுலயா இருந்தாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் இங்க இருக்காரு?" என்றாள். அந்தக் கேள்விக்கான விடையைத் தாங்கள்தான் தர வேண்டும்.

உப்புக் காற்று செம்பை அரிக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் எழும்பூரிலிருந்து மெரினா சில கிலோமீட்டர்தான். அங்கே வீசுவது மலைக்காற்று என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிப் பேழை அங்கே காக்குமென்றால் இங்கேயும் காக்கும்.

இழப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. சுமத்திராவின் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்ததைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போயின. கப்பலோட்டிகளுக்குக் கரைகாட்டிய செங்கற் கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். அயலார் கொண்டுபோனதற்கு வருந்தி உரையாற்றுகிறோம். தலைநகர் கொண்டுபோனதற்குப் பெயர் மட்டும் பாதுகாப்பு.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். எல்லாவற்றையும் கேட்கவில்லை, பத்துத் திருமேனிகளைக் கேட்கிறேன். ஆய்வாளர்களுக்கு எஞ்சியவை எழும்பூரிலேயே இருக்கட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பேருந்துக் கட்டணம் இல்லாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
நாகை வரலாற்று ஆசிரியை ஒருவர்