வீட்டில் கட்டிய பைக்குக்கும் ஒரு பதிவெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய புல்லட் ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, தனக்கென ஒரு பைக்கைக் கட்டிய இளைஞரைப் பற்றிய கட்டுரையைக் கடந்த ஞாயிறு இணைப்பில் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரையாளர் பாதி இடத்தைப் பெயின்ட்டுக்கும் தோல் இருக்கைக்கும் கொடுத்துவிட்டார். லேத் பட்டறையிலேயே ஆயுளைக் கழித்த எனக்குப் பெயின்ட்டில் கண் நிற்கவில்லை. வண்டியின் கழுத்தைத்தான் பார்த்தேன்; ஃபிரேமின் முன்முனையில் ஸ்டீயரிங் தண்டு நுழையும் குழாயைத்தான் அப்படிச் சொல்வோம்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைச் சாய்த்து, அந்தச் சக்கரத்தை முன்னே தள்ளினால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும். அதற்காகத்தான் கழுத்தை அறுக்கிறார்கள். ஸ்டீயரிங் தண்டின் வழியே ஒரு கோட்டைத் தரைவரை இழுத்துப் பாருங்கள். கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையில் படிந்திருக்கும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். இது குறைந்துபோனால் வேகத்தில் கைப்பிடி உதறும். மிகுந்துபோனால் நெடுஞ்சாலையில் சுகமாக ஓடும் வண்டி, தெருமுனையில் திரும்ப அடம்பிடிக்கும். சாய்வை மாற்றுகிறவர் ஃபோர்க்கைக் கவ்வும் மேல், கீழ்ப் பிடிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டாக வேண்டும். கணக்கு சரியாக வந்தாலும் வெல்டிங் கெடுத்துவிடும். பற்றவைத்த இடம் ஆறும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஃபிரேமை ஜிக்கில், அதாவது அசையாமல் பிடிக்கும் சட்டத்தில் இறுக்கி, முதலில் அங்கங்கே டேக் எனும் சிறு பொட்டுப் பற்றுகளை மட்டும் வைத்து, பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தால்தான் இரு சக்கரங்களும் ஒரே நூலில் நிற்கும். இந்த வேலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பின்னால் அகல டயர் கேட்டு வருபவர்களும் உண்டு. டயர் அகலமானால் செயின் அதில் உரசும். உரசாமலிருக்க, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளினால் அந்தச் சுமை கியர்பாக்ஸ் பேரிங்கின் தலையில் விழும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கும். (கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் வெல்டிங் மெஷினை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் டேங்க் காலியாகிவிட்டதே என்று நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.)

நான் எழுத வந்தது இனிமேல்தான். பல வண்டிகளில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பதும் அதே கழுத்தில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தது. ஆகவே உங்கள் கட்டுரை நாயகர் இப்போது என்ன செய்ய முடியும்? பழைய புல்லட்டின் ஆர்.சி. புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத வண்டியை ஓட்ட வேண்டும். மோதல் நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும்.

சட்டம் எல்லா மாற்றத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதாகவும் சொல்ல முடியாது. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயு கிட் பொருத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் திருத்தி அமைக்கலாம். கேட்டு, காட்டி, பதிவு செய்துகொள்ள அங்கெல்லாம் வழி இருக்கிறது. தன் கையால் ஃபிரேம் கட்டியவருக்கு மட்டும் கதவே இல்லை.

கட்டுரை நியூசிலாந்தின் பர்ட் மன்ரோவைத் துணைக்கு அழைத்திருக்கிறது. 1920ஆம் ஆண்டின் இந்தியன் ஸ்கௌட் ஒன்றைக் கொட்டகையில் வைத்துப் பல பத்தாண்டுகள் திருத்தியவர், பிஸ்டனைக்கூடத் தானே வார்த்தவர். 1967இல் அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில், தம் 68ஆம் வயதில், மணிக்குச் சுமார் 296 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை படைத்தார். அதே நாட்டின் ஜான் பிரிட்டனையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வழக்கமான ஃபிரேமே இல்லாமல், எஞ்சினையே முதுகெலும்பாக்கி, ரேடியேட்டரை இருக்கைக்கு அடியில் வைத்து, சக்கரங்கள் உட்படக் கார்பன் இழையில் செய்த வி1000 அவருடையது. 1995இல் 45 வயதில் அவர் மறைந்தார். அந்த வண்டிகள் மொத்தமே பத்துதான். இருவரும் மேதைகள், மறுப்பில்லை. ஆனால் ஒருவர் ஓட்டியது உப்புவெளியில், மற்றவரின் வண்டி ஓடியது பந்தயத் தடத்தில். அவிநாசி சாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இந்த உதாரணங்கள் செல்லாது. பொதுச் சாலைக்கு வரும் வண்டியை யாராவது சோதித்தே ஆக வேண்டும்.

பிரிட்டன் நாட்டில் 2025இல் விதிகள் மாறும்வரை இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பழைய வண்டியிலிருந்து மாறாமல் மிஞ்சும் பாகங்களுக்குப் புள்ளி போடுவார்கள். ஃபிரேமுக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், அச்சு, டிரான்ஸ்மிஷன், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. பழைய வண்டியிலிருந்து 8 புள்ளிக்குக் குறையாமல் மிஞ்சினால்தான் பழைய எண். இல்லையென்றாலும், ஃபிரேமை வெட்டியிருந்தாலும், அந்த ஒற்றை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தேறினால் 'கியூ' என்று தொடங்கும் எண் கிடைத்தது. வாங்குகிறவருக்கும் போலீஸ்காரருக்கும் எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

நம்மிடம் சோதனைக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆனால் அங்குள்ள ஒப்புதல் முறை, ஒரே மாதிரி வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் நிறுவனங்களுக்காக வகுக்கப்பட்டது. ஒரு வண்டி மட்டும் கட்டியவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. பிரேக், விளக்கு, ஒலி, புகை, கழுத்து வெல்டிங் ஆகியவற்றை மட்டும் பார்க்கும் ஒற்றை வண்டிச் சோதனையைக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் வைக்கலாம். ஆண்டுதோறும் மறுசோதனை என்றால்கூட ஒழுங்காகக் கட்டியவர்கள் முணுமுணுக்கமாட்டார்கள்.

சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் தெருவை எழுப்பும் பையன்களுக்காக நான் வாதாட வரவில்லை. அவர்களைப் பிடித்து அபராதம் போடுவது நியாயம். ஜிக்கும் ரசமட்டமும் வைத்து ஃபிரேம் கட்டியவரையும் அதே வரிசையில் நிறுத்துவதுதான் பொறுக்கவில்லை.

போக்குவரத்துத் துறை அதிகாரிகளிடம் உங்கள் நிருபர் இதைப் பற்றிக் கேட்டு எழுதினால் நல்லது. கூடவே அந்த இளைஞரிடம் கழுத்தின் சாய்வு எத்தனை டிகிரி, டிரெயில் எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.