திருகோணமலைக் கணித ஆசிரியர்களுக்கு: ஒரு பாடவேளையைக் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் தரம் 11இல் படிக்கிறாள். சென்ற மாதம் உப்புவெளிக் கரையில் நடந்தபோது சங்கு ஒன்றைப் பொறுக்கினாள். ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளே சுற்றுகள் தெரிந்தன. வீட்டுக்கு வந்ததும் அடிமட்டம் வைத்துச் சுற்றுகளின் அகலத்தை அளந்து, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதால் வகுத்தாள். விடை திரும்பத் திரும்ப ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. "அப்பா, இது பெருக்கல் விருத்தியெல்லோ!" என்றாள். பரீட்சைக்காக அந்த விருத்தியில் எத்தனையோ கணக்குச் செய்தவள், அதை ஓர் உயிரின் ஓட்டில் அன்றுதான் கண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததால்தான் இந்த மடல்.

சங்குப் பூச்சியால் கட்டி முடித்த ஓட்டை இழுத்துப் பெரிதாக்க முடியாது. வாய் விளிம்பில் புதிதாகச் சேர்க்கத்தான் முடியும். உடம்பு வளர வளர, சேர்க்கும் பகுதியும் அதே விகிதத்தில் பெருக்கிறது. அதனால்தான் விரல் நுனியளவு சங்கும் கையளவு சங்கும் ஒரே வடிவம். இப்படி வளர்வது மடக்கைச் சுருளி. மையத்திலிருந்து எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் அது சுருளியை ஒரே கோணத்தில் வெட்டும். 1705இல் இறந்த சுவிஸ் கணிதர் யாக்கோப் பேர்னூலி இதில் மயங்கி, தன் கல்லறையில் இதையே செதுக்கச் சொன்னார். செதுக்கியவர் வேறொரு சுருளியைச் செதுக்கிவிட்டார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லுங்கள். எல்லாச் சங்கிலும் 1.618 என்ற பொன் விகிதம் இருப்பதாக வீடியோக்களில் பார்க்கிறார்கள். அது சரியல்ல. நோட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 3 மடங்கு விரிகிறது. கால் சுற்றுக்கு 1.618 மடங்கு விரியும் பொன் சுருளி என்றால் முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு விரிய வேண்டும். அந்த எண்ணைத் தேடுவோர் சந்தையில் ஓர் அன்னாசியை வாங்கட்டும். சாய்வாக ஓடும் கண் வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 வரும். 13ஐ 8ஆல் வகுத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் அலைகள். கோட்டைப் பக்கமிருந்து டச்பே குடாவைப் பார்த்தால், சாய்வாக வரும் அலையும் கரையின் வளைவுக்கேற்ப வளைந்தே வந்து சேருகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை மெதுவாகும். அங்கே வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறும்: ஆழம் நாலில் ஒன்றானால் வேகம் பாதி. வர்க்கமூலம் கண்முன்னே வளைகிறது!

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது என்று தெரியும். ஆனாலும் தவணைக்கு ஒரு பாடவேளை, அடிமட்டம், நூல், கொப்பி போதும். கடல் தூரமான தம்பலகாமத்துப் பிள்ளைகளுக்கு அன்னாசி இருக்கிறது. புறாமலைத் தீவுக்குப் போனால் எதையும் எடுத்துவரவேண்டாம், அது 2003 முதல் தேசியப் பூங்கா.

மகளின் சங்கு எங்கள் யன்னலோரம் இருக்கிறது. வகுப்புக்கு வேண்டுமென்றால் தருகிறேன் என்கிறாள்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஒரு தகப்பன்