டைகர் மாத்துக்கு மோட்டார் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடலூர் முதுநகரிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. ஈரடுக்கு இறக்கை கொண்ட பழைய பிரிட்டிஷ் பயிற்சி விமானமான டைகர் மாத்தின், ரேடியோவில் இயக்கிப் பறக்கவிடும் கால் அளவு மாடலாக யாரோ பாதியில் விட்ட சட்டகம் ஒன்று உங்கள் கைக்கு வந்திருப்பதும், பெட்ரோல் எஞ்சினுக்கென்று வரையப்பட்ட அதற்கு நீங்கள் மின்மோட்டார் பொருத்த நினைப்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எந்த மோட்டார் வாங்கலாம் என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அது கடைசியாக வரவேண்டிய கேள்வி. பெரிய மாடல் பக்கம் வருகிற பலரும் இதையே கேட்பதால், உங்களுக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

1931ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த அசல் டைகர் மாத்தின் இறக்கை நீளம் 8.94 மீட்டர், கால் அளவில் அது 2.235 மீட்டர் ஆகிறது. நீளம் நாலில் ஒரு பங்காகக் குறையும்போது இறக்கையின் பரப்பு பதினாறில் ஒரு பங்காகவும், எடை அறுபத்து நாலில் ஒரு பங்காகவும் குறைய வேண்டும் என்பது கணக்கு. முழுச் சுமையோடு அசலின் எடை ஏறத்தாழ 828 கிலோ என்பதால் மாடல் 13 கிலோ வரை போகலாம் என்று தோன்றும். போகவிடாதீர்கள். சுமார் 1.4 சதுர மீட்டர் இறக்கைக்கு 8 கிலோ என்று நிறுத்தினால், மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தாலும் விமானம் காற்றில் நிற்கும். டைகர் மாத்தின் அழகே அந்த நிதானத்தில்தான் இருக்கிறது. இனி எடுக்கிற முடிவுகள் எல்லாம் இந்த 8 கிலோவைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எடை தெரிந்துவிட்டால் சக்தியும் தெரிந்துவிடும். கம்பிகளும் இறக்கைகளைத் தாங்கும் ஸ்ட்ரட் குச்சிகளுமாகக் காற்றை இழுத்துப் பிடிக்கும் இந்த வகைக்குக் கிலோவுக்கு 200 வாட் போதும். ஆகவே 1600 வாட். அடுத்து மோட்டார் அல்ல, புரொப்பல்லர். குறைந்த சுற்றில் நிறையக் காற்றைத் தள்ளும் 22க்கு 10 அங்குல (விட்டம் 22, ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம் 10) மரப் புரொப்பல்லரைச் சொல்வேன். நிமிடத்துக்கு 5200 சுற்று சுற்றினால் அது ஏறத்தாழ அந்த 1600 வாட்டைத்தான் கேட்கும். 8 செல் லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரியில்), சுமையில் இறங்கும் மின்னழுத்தத்தையும் கழித்துக்கொண்டு அந்தச் சுற்றைத் தரக்கூடிய மோட்டாரின் கேவி, அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அது சுற்றும் சுற்று, 230 பக்கம் வரும். ஆக, மோட்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கணக்கே அதைக் காட்டிவிடுகிறது. சுற்று மாறாமல் விட்டத்தை மட்டும் 20 அங்குலத்திலிருந்து 22 ஆக்கினாலே தேவைப்படும் சக்தி ஒன்றரை மடங்குக்கு அருகில் போய்விடும் என்பதால், புரொப்பல்லரை மாற்றும்போதெல்லாம் விமானத்தைத் தரையில் கட்டிவைத்து வாட் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்துவிடுங்கள். 55 ஆம்பியருக்குள் நின்றால் 80 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) நிம்மதியாக வேலை செய்யும்.

பேட்டரிக்கு, ஒரே திறனும் ஒரே வயதும் உள்ள இரண்டு 4 செல் 5000 எம்ஏஎச் பொதிகளைத் தொடராக இணைப்பது சிக்கனம். சாதாரண சார்ஜரே போதும். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வைக்காமல் விட்ட பெட்ரோல் எஞ்சினின் பாரத்தை இதை வைத்துத்தான் ஈடுகட்டப் போகிறோம் என்பதால், எஞ்சின் மூடிக்குள் எவ்வளவு முன்னால் போகுமோ அவ்வளவு முன்னால் வையுங்கள். அசல் விமானத்தில் மேல் இறக்கையின் நடுவே எரிபொருள் தொட்டி இருப்பதைப் பார்த்து, பேட்டரியையும் அங்கே ஒளித்துவைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும்; பாரம் மேலே ஏறினால் இறங்கும்போது மூக்குக் குத்தும்.

சமநிலைப் புள்ளியில் அவசரம் வேண்டாம். முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வழிவிட வேண்டும் என்று மேல் இறக்கையை முன்னுக்கு நகர்த்தி, அதனால் கெட்ட சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். இந்தச் சாய்வு காரணமாக, ஒற்றை இறக்கை மாடலுக்குச் செய்வதுபோல இறக்கையின் அடிப்பகுதியில் அளந்து குறித்தால் தவறிவிடும். வரைபடத்தில் உள்ள புள்ளியையே பிடியுங்கள். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் கேட்கும். வால் பகுதியை முந்தையவர் தடித்த பிளைவுட்டில் செய்திருந்தால் தயங்காமல் பிரித்துவிட்டு எடை குறைந்த பால்சா மரத்தில் செய்யுங்கள்.

இறக்கைக்கு நடுவே ஓடும் கம்பிகளை அலங்காரத்துக்கு எலாஸ்டிக் நூலில் கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பியே சுமையைத் தாங்கினால் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் மெலிதாக இருக்கலாம், எடையும் குறையும். அதற்கு வேண்டிய பொருள் உங்கள் ஊரிலேயே இருக்கிறது: துறைமுகத்துப் பக்கம் மீன்பிடிச் சாமான் கடைகளில் பெரிய மீனுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பூசிய எஃகுத் தூண்டில் கம்பியும், அதை முடிய உதவும் சிறு குழல்களும். கம்பியைக் குழலுக்குள் விட்டு, கொக்கியைச் சுற்றி, நுனியை மறுபடி அதே குழலுக்குள் நுழைத்து, இன்னொரு முறை மடித்துச் செருகிய பிறகே குறட்டால் நசுக்க வேண்டும்; ஒரே மடிப்பில் நசுக்கியது இழுவையில் நழுவும். விரலால் தட்டினால் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி அதிர வேண்டும், ஆனால் வீணைத் தந்திபோல முறுக்கேறி, இறக்கையின் விலா எலும்புபோன்ற ரிப்பை வளைத்துவிடக் கூடாது.

துணிக்கு, புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் லைனிங் துணியும் தண்ணீரில் கரையும் வார்னிஷும் போதும். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் துணி இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஈரம் குடித்த பால்சா பிறகு முறுக்கிக்கொள்ளும். கடற்காற்றில் கனெக்டர்களில் களிம்பு ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முழுதாகச் சார்ஜ் ஏறிய 8 செல்லின் அழுத்தம் 33.6 வோல்ட். இணைக்கும்போது ஈஎஸ்சியில் உள்ள கெப்பாசிட்டர்கள் சட்டென்று நிரம்புவதால் பளிச்சென்று பொறி தெறிக்கும். ரெசிஸ்டர் உள்ளே வைத்த பொறி தடுப்புக் கனெக்டர் வாங்கிவிடுங்கள். ரிசீவருக்கும், மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான செர்வோக்களுக்கும் தனிப் பேட்டரி வேண்டும். பெட்ரோல் எஞ்சின் சும்மா கிளம்பாது. மோட்டாரோ இணைத்த நொடியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் சுற்றக் காத்திருக்கும். இணைக்கும்போது முன்னால் யாரும் நிற்க வேண்டாம், உங்கள் பிள்ளைகளை முக்கியமாக.

பறக்கவிட, விமான நிலையம் உள்ள இலாசுப்பேட்டைப் பக்கம் வராதீர்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில், இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை பச்சை மண்டலம் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) கிடையாது. அறுவடை முடிந்த பாகூர் வயல்கள் உங்களுக்கும் எனக்கும் பொதுவான தூரம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். பகல் ஏறினால் கடற்காற்று எழுந்துவிடும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கிற விமானத்துக்கு அது பெரிய காற்று. விடிந்த கையோடு பறந்துவிட வேண்டும். இதில் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) கீழ் இறக்கையில் மட்டுமே உண்டு. கீழே இறங்கும் ஏலரான் மிகக் குறைவாக அசையும்படி அமைத்த பிறகும் வாலில் உள்ள சுக்கானான ரட்டரைக் கொடுக்காமல் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். ரட்டரை இயக்கும் இடது கைக்கு இப்போதே பழக்கம் கொடுங்கள்.

துணி போடாத சட்டகத்தை அப்படியே எடை போட்டு, வாலைத் தனியாகவும் போட்டு, இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை மோட்டாருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து உங்கள் அண்ணன்