மூன்று கத்திகளும் ஒரே நீளம்தான்

கவி கண்ணு,

நீ அனுப்பிய மூன்று கத்திப் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. இப்படி ஒரு விஷயத்தை என்னிடம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கம்மாவிடம் சொன்னேன், "கத்தியா, அவளுக்கு எதுக்குக் கத்தி" என்று ஆரம்பித்தவள் அன்று முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டுப்பக்கம் நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள், ஸ்வீடனில் அது நம் வீட்டு அரிவாள்மனை மாதிரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், அப்புறம் விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டிருந்தாய். நீளம் ஒன்றுதான், சரி. மோரா கம்பெனியின் கம்பேனியன் அலகு 10.4 சென்டிமீட்டர், அதே மோராவின் கார்பெர்க் 10.9, ஃபெல்க்னீவன் எஃப்1 9.7. எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் நீளத்தை வைத்துக் கத்தியை எடை போடாதே, முதுகின் தடிமனைப் பார். கம்பேனியன் 2.5 மில்லிமீட்டர், கார்பெர்க் 3.2, எஃப்1 4.5. வளையாமல் நிற்கும் பலம் தடிமனின் க்யூபுக்கு ஏறும், உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கம்பேனியனை ஒன்று என்று வைத்தால் கார்பெர்க் இரண்டு, எஃப்1 கிட்டத்தட்ட ஆறு. ஒரே நீளம், ஆறு மடங்கு வித்தியாசம். விலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மீதிப் பாதி பிடிக்குள்ளே இருக்கிறது, அது படத்தில் தெரியாது. கம்பேனியனில் அலகின் காம்பு பிடிக்குள் பாதிக்கு மேல் போய் நின்றுவிடும், சுற்றிலும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். கார்பெர்க்கில் அது பிடியின் கடைசி வரை ஓடி பின்னால் எட்டிப் பார்க்கும், எஃப்1-லும் அப்படித்தான். கட்டையைப் பிளக்க அலகை வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் தட்டுவார்கள் இல்லையா, அந்த அடி முழுவதும் அலகும் பிடியும் சேருகிற இடத்தில்தான் போய் விழும். மழையில் நனைந்த விறகு வெளியேதான் ஈரம், பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், அதனால் இந்த வேலை அங்கே வரத்தான் வரும். கம்பேனியன் தாங்காது என்று சொல்லவில்லை, மணிக்கட்டு கனமுள்ள கட்டைக்குத் தாங்கும், முடிச்சு விழுந்த கட்டையில் போட்டு அறையக் கூடாது, அவ்வளவுதான். அதிலேயே 3.2 மில்லியில் ஹெவி டியூட்டி என்று ஒன்று வருகிறது, ஆனால் அதிலும் காம்பு பிடியின் கடைசி வரை போகாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தடித்ததுதான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதே. நீ அங்கே கத்தியை வைத்துச் செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசி கயிறு அறுப்பது, சீஸ் வெட்டுவது, குச்சியைச் சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டுவது. அதற்கு 2.5 மில்லிதான் ராஜா. எஃப்1-ஐ வைத்து உருளைக்கிழங்கை நறுக்கினால் கிழங்கு வெட்டுப்படாது, விரிசல் விட்டுப் பிளந்துகொள்ளும். சாணை பிடிப்பதிலும் மோராதான் உனக்குச் சுலபம். கூரின் இரண்டு பக்கமும் ஒரே அகலச் சரிவாக இறங்கும், அந்தச் சரிவை அப்படியே கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் போதும், கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. எஃப்1 கூர் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்து வளைந்திருக்கும், கல்லில் வைத்தால் அந்த வளைவு போய்விடும், மெத்தென்று ஏதாவது வைத்து அதன்மேல் எமரித்தாளைப் போட்டு இழுக்க வேண்டும், பழக நாளாகும். கூர் வந்ததா என்று விரலை வைத்துப் பார்க்காதே. ட்யூப்லைட்டுக்குக் கீழே கூரை மேல்பக்கமாகப் பிடித்துப் பார், நூல் மாதிரி வெள்ளையாக எங்கே மினுங்குகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது. கூர் சரியாக இருந்தால் ஒளியைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது.

எஃகைப் பற்றி நான் என்ன சொல்ல, நீ எனக்கே பாடம் எடுத்தவள். உலகப்போரில் அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய கப்பல்கள் குளிர்க்கடலில் ஏன் விரிசல் விட்டன என்று இரண்டாம் வருஷம் படிக்கும்போது சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக் காட்டினாயே, நான் அதை டூல்ரூமில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன், என் மகள் சொன்னாள் என்றுதான் சொன்னேன். கம்பேனியனில் இருப்பது 12சி27 என்ற எஃகு, 0.6 சதவீதம் கார்பன், 13.5 குரோமியம். கார்பெர்க்கில் 14சி28என், அதில் நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள், துருவும் எளிதில் பிடிக்காது கூரும் நிற்கும். எஃப்1-ல் நடுவில் விஜி10, ஒரு சதவீதத்தை ஒட்டிய கார்பன், இரண்டு பக்கமும் மிருதுவான எஃகை வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் லாரிப் பட்டையைக் கொடுவாளாக அடிக்கிறவர்கள் கூர்ப்பக்கம் மட்டும் துவைச்சல் போடுவார்கள், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவார்கள், முதுகை மிருதுவாக விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் எண்ணம் ஒன்றுதான், கூர் கடினமாக இருக்கட்டும், உடம்பு அடியைத் தாங்கட்டும். சித்தப்பாவின் கொடுவாள் கதை உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். நீ எஃப்1-ஐத்தான் முதலில் போட்டிருந்தாய். உன் லூலியோவுக்குப் பக்கத்து ஊரான போடன்காரர்களுடைய கத்தி, நல்ல கத்தி, அதில் சந்தேகமில்லை. ஸ்வீடன் விமானப்படை 1995-ல் விமானிகளுக்கென்று எடுத்துக்கொண்டது அது. விமானம் விழுந்து, இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பனிக்காட்டில் ஒற்றை ஆளாக விழுந்து கிடக்கிறவனுக்காக யோசித்த கத்தி. கோடரி கிடையாது, கூட யாரும் கிடையாது, கையில் இருக்கிற அந்த ஒன்று உடைந்தால் அவ்வளவுதான், அதனால்தான் 4.5 மில்லி. அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. குங்ஸ்லேடன் மலைப்பாதையில் நடப்பவளுக்கு இது எதற்கு? நான் அந்தப் பாதையைப் பற்றித் தேடிப் படித்தேன் கவி. அபிஸ்கோவிலிருந்து ஹேமாவன் வரை சுமார் 440 கிலோமீட்டர், நீ முழுவதும் நடக்கப் போவதில்லை என்றாய். அபிஸ்கோ பக்கம் ஒரு நாள் நடைக்கு ஒரு குடில் இருக்கிறது, அங்கே அடுப்பு உண்டு, விறகு உண்டு, பிளக்கக் கோடரியும் உண்டு. மேலே ஏறிவிட்டால் மரமே கிடையாது, பிளக்க என்ன இருக்கிறது? குவிக்யொக்கைத் தாண்டித் தெற்கே அம்மர்நேஸ் வரைதான் அந்தக் குடில் வரிசை விட்டுப்போகிறது, அந்தப் பக்கம் நீ போகவில்லைதானே? போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போ.

அப்போ எந்தக் கத்தி என்பது எத்தனை பேர் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை நான் கத்திக்காகத்தான் கேட்கிறேன். இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு கம்பேனியன் போதும், ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கிறது, ஒருவர் கையை வெட்டிக்கொண்டால் இன்னொருவர் கட்டுப் போடலாம். இரண்டும் சேர்ந்தே ஒரு கார்பெர்க் விலை வராது. மாப்பிள்ளைக்கு அந்த ஆரஞ்சு கலர் பிடிக்கும், போன வருஷம் கூடாரம்கூட அதே கலரில்தான் எடுத்தார், கீழே வைத்தால் புல்லில் தொலையாது. ஒரு ஆள் மட்டும் என்றால் கார்பெர்க். எஃப்1 அளவுக்குப் போக வேண்டாம், கம்பேனியனோடு நிற்கவும் வேண்டாம். அதன் முதுகை நல்ல விளிம்பு விட்டுத் தீட்டியிருப்பார்கள், தீப்பொறிக் கம்பியை அதிலேயே உரசலாம், லைட்டர் நனைந்தால் உதவும்.

மாப்பிள்ளையிடம் பேசி நாளாகிறது. போன் பண்ணும்போதெல்லாம் குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்கிறாய். நீயும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய், நெட் ஸ்லோ என்கிறாய், அந்த ஊரில் நெட் ஸ்லோவா? சரி, விடு. வேலை அதிகமாக இருக்கும். வந்து இறங்கின ஊரில் ஒரு வார்த்தை தெரியாமல் ஆரம்பித்து, இன்று அவர்கள் மொழியிலேயே மீட்டிங் நடத்துகிறாய், எனக்கு அது போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் முகத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? உங்கம்மா சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எந்தக் கத்தி வாங்கினாலும் இதை மறக்காதே. மழுங்கின கத்தியும் ஆபத்துதான், அழுத்தி அழுத்திக் கை வழுக்கும். உட்கார்ந்து சீவும்போது தொடைக்கு நடுவில் வைத்துச் சீவாதே, முழங்காலுக்கு வெளியே கையை நீட்டிச் சீவு. உள்தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் சில நிமிஷம்தான், அந்த இடத்தில் யார் வருவார்கள்? அடுத்த ஆளுக்கு ஒரு கை தூரம் விட்டு உட்கார், அடுத்த ஆள் இருந்தால். களைப்பாக இருக்கும்போது கத்தியை எடுக்காதே. கட்டுத்துணி பையின் அடியில் வேண்டாம், மேல் பாக்கெட்டில் இருக்கட்டும். அவசர உதவிக்கான 112 அங்கே எல்லா இடத்திலும் கிடைக்காது, மலைக்குள் டவர் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், கிளம்பும்போது எந்தக் குடில், எந்த நாள் என்று யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. எனக்கு அனுப்பினாலும் சரி. தொடைக்கு நடுவில் வைக்காதே.

அப்புறம் ஒன்று, ரயிலில் போகும்போது கத்தியை இடுப்பில் மாட்டிக்கொள்ளாதே. பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று 1988-லேயே அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். காட்டுக்குப் போகிறாய் என்பது காரணம்தான், இருந்தாலும் உறையோடு பைக்குள் அடியில் வை, பாதை தொடங்கும் இடத்தில் எடுத்து மாட்டிக்கொள். திரும்பி வந்ததும் கழுவித் துடைத்து, உறைக்கு வெளியே ஒரு நாள் காயவிடு, ஈர உறையில் கிடந்தால் ஸ்டெயின்லெஸ்ஸும் புள்ளி விடும்.

செப்டம்பர் என்கிறாய், நாள் அதிகமில்லை. கடைக்குப் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது, ஒரு கத்தியா, இரண்டு கத்தியா. பணம் நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே, என் பொண்ணுக்கு நான் வாங்கித் தருகிறேன் என்று இருக்கட்டும். இரண்டு என்றால் ஆரஞ்சு ஒன்று, உனக்குப் பிடித்த கலரில் ஒன்று. ஒன்று என்றால் கார்பெர்க்கை எடு, காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை, நான் கேட்கவும் மாட்டேன். நடை முடிந்ததும் அங்கிருந்து நேராக டிக்கெட் போட்டு இங்கே வந்து ஒரு மாதம் இருப்பதென்றாலும் வா, லீவு இல்லையென்றால் நான் வருகிறேன், பாஸ்போர்ட்டை போன மாதமே புதுப்பித்துவிட்டேன். உங்கம்மாவிடம் என்ன சொல்வது என்று நீ யோசிக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா