மென்பொருள் படிப்பு: பதிவுக்கு முன் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்ததும் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் தனியார் கல்லூரி முகவர்கள் வீடு வீடாக வருகிறார்கள். ‘மென்பொருள் பொறியாளர் ஆகலாம், மடிக்கணினி இலவசம்’ என்றதும் பெற்றோர் பதிவுப் பணம் கட்டிவிடுகிறார்கள். இது வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்தப் படிப்பு படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அந்தப் படிப்பே இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லையென்றால் பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனும் கிடைக்காது. அப்புறம், இறுதியாண்டு மாணவர்கள் எழுதிய நிரலைக் காட்டச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். கட்டடத்தின் பளபளப்பைவிட இவைதான் முக்கியம்.

நம் பேராக் மாநிலத்திலேயே நல்ல வாய்ப்புகள் உண்டு. நாட்டின் முதல் பாலிடெக்னிக், 1969இல் தொடங்கிய உங்கு ஓமார், ஈப்போவில்தான் இருக்கிறது. கம்பாரில் யு.டி.ஏ.ஆர். பல்கலைக்கழகம் உள்ளது. கோலாலம்பூர்தான் போக வேண்டும் என்பதில்லை.

மென்பொருள் துறையில் இருக்கும் நம் ஊர் இளைஞர்கள், அரசு உயர்கல்விக்கூடங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பம் முடிவதற்குள் கோயில் மண்டபத்தில் ஒரு மாலை மாணவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆலய நிர்வாகங்கள் இதற்கு இடம் தர வேண்டுகிறேன்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்