அரையும் காலும் சேர்ந்தால் 2/6: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் பத்து வரை கணக்கு எடுக்கிறேன். புதிய கணக்குப் புத்தகத்தில் எதைச் சேர்க்கலாம் என்று பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் எழுதுவது வேறு விஷயம்.

போன மாதம் ஏழாம் வகுப்பில் பலகையில் 1/2 + 1/4 என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து வந்து 2/6 என்று விடை எழுதிவிட்டுப் போனான். மேலே இருப்பதைக் கூட்டு, கீழே இருப்பதைக் கூட்டு, அவ்வளவுதான். அவன் அப்பாவுக்குக் காய்கறிக் கடை. சாயங்காலமானால் தராசு இவன் கையில். "அரைக் கிலோ வெங்காயத்தோட இன்னொரு கால் கிலோ போட்டா எவ்வளவுடா?" என்றேன். "முக்கால் கிலோ சார்." யோசிக்கவே இல்லை. "அப்போ நீ பலகையில எழுதினது?" திரும்பிப் பார்த்தான். "அது கணக்கு சார்" என்றான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் ஆறாம் வகுப்பில் பின்னங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். மூன்றாம் பருவத்தில். கீழ் எண் வேறுபடும் வேற்றுப் பின்னங்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் அந்த ஒரே இயலில். மூன்றாம் பருவம் என்றால் ஜனவரி. பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா, எங்களுக்குப் பயிற்சிக் கூட்டங்கள், தேர்தல் வருடமென்றால் தேர்தல் வேலை, அப்புறம் ஆண்டுத் தேர்வு. இதற்கு நடுவில் கிடைக்கிற நாட்களில் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டிய பாடத்தை நடத்தி முடிக்கிறோம். நடத்துகிறோம், அவ்வளவே. கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று தொடங்கி, 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்து எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலில் ஒப்பித்த மொழி இது. அந்த மொழிப் பிள்ளைக்குக் கால் வேறு, 1/4 வேறு என்று ஆகிவிட்டது.

சரி, பத்தாம் வகுப்புக்கு வருவோம். பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் 1 மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. தேர்ச்சிக்கு 35. ஜனவரியிலேயே மெல்லக் கற்போர் பட்டியல் எடுத்துவிடுவோம். அவர்களுக்கு நாங்கள் போடும் கணக்கு இது: வரைபடம் எட்டு, செய்முறை வடிவியல் எட்டு, ஆக 16. புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் ஒரு பத்து. இரண்டு கணங்களின் உறுப்புகளைச் சோடி சேர்க்கும் கார்ட்டீசியன் பெருக்கலில் ஒரு ஐந்து. இரண்டு மதிப்பெண் வினாக்களில் இரண்டு சரியாக எழுதினால் நான்கு. 35, பாஸ்.

பட்டியலில் இருந்த ஒரு மாணவி, வரைபட வினாவில் வரும் பரவளையத்தை, அதாவது இருபடிச் சமன்பாட்டின் வளைவை, அவ்வளவு அழகாக வரைவாள். அட்டவணை, அளவுத்திட்டம், பென்சில் கோடு, ஒரு குறையும் சொல்ல முடியாது. வளைவு எக்ஸ் அச்சை வெட்டும் இடம் ஏன் விடையாகிறது என்று ஒருநாள் கேட்டேன். "அப்படித்தான் எழுதணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள். நான்தான் சொன்னேன். எட்டு மதிப்பெண்ணும் வாங்கினாள்.

2005 தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காகப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் கூடிய கணிதக் குழு, பிள்ளைகளின் பயத்தையும் தோல்வி உணர்வையும் முதல் பிரச்சினையாக வைத்தது. கணக்கை வெறும் இயந்திர வேலையாகக் காட்டும் மதிப்பீட்டு முறையையும் அதே பட்டியலில் வைத்தது. 2018 முதல் இங்கே வந்த புத்தகங்கள் மோசமானவை அல்ல. ஆறு முதல் எட்டு வரை உள்ள 'தகவல் செயலாக்கம்' எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டும் கணக்கை நடத்தினால் மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது எப்போதும் கடைசி இயல். நேரம் இல்லாதபோது முதலில் விழுவதும் அதுதான்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு போனது. நல்லது. அதே துணிச்சலோடு கணக்கிலும் கொஞ்சம் எடுங்கள். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை நீள்வகுத்தலில் காண்பதைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதில் இருப்பது படிகள் மட்டுமே. ஒரு சார்பின் விடையை அடுத்த சார்பில் போட்டுக்கொண்டே போகும் மூன்று சார்புகளின் சேர்ப்பு பதினொன்றாம் வகுப்புக்குப் போகட்டும். பின்னங்கள் ஆறாம் வகுப்பின் முதல் பருவத்துக்கு வரட்டும், ஏழிலும் தனி இயலாகத் தொடரட்டும். தராசும் முழக்கோலும் வகுப்பறைக்குள் வர இடம் கொடுங்கள்.

இன்னொன்று. வரைவுப் பாடத்திட்டத்தை எங்கள் கருத்துக்கு அனுப்பும்போது, பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாளையும் சேர்த்தே அனுப்புங்கள். நாங்கள் முதலில் புரட்டப்போவது அதைத்தான். அதை வைத்து 35 எடுக்க எத்தனை இயல்கள் போதும் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவோம். எங்கள் விடை எட்டில் இரண்டு இயல் என்று வந்தால், மீதி ஆறையும் எழுதுவதற்கு முன் வினாத்தாளைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியர்