கம்பத்துக்குத் தனிக் காசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கிளேர் சி5 என்ற மூன்று சக்கர மின்வண்டியைக் காலத்தை முந்திய கண்டுபிடிப்பு என்று இப்போது பலரும் கொண்டாடுகிறார்கள். 1985 ஜனவரியில் அது வெளிவந்தபோது நான் லண்டனில் எலக்ட்ரீஷியன். பக்கத்துத் தெருக்காரர் ஒன்று வாங்கினார். விலை 399 பவுண்டு. நானும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில்பார் தொடைக்கு அடியில் இருக்கும். சரி, அது பழகிவிடும். பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றதே, அதன் சக்கரத்துக்கு நேராக என் முகம்! பின்னால் வருகிறவர் கண்ணில் படுவதற்கான உயரக் கம்பத்தைத் தனிக் காசுக்கு விற்றார்கள். ஹாரனும் கண்ணாடியும்கூட அப்படித்தான்.

250 வாட் மோட்டார், மணிக்கு 24 கி.மீ. வேகம். மேடு வந்தால் மிதிக்க வேண்டும். ரிவர்ஸ் கிடையாது, இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்ப வேண்டியதுதான். இதை 14 வயதுப் பிள்ளை லைசென்சும் ஹெல்மெட்டும் இல்லாமல் சாலையில் ஓட்டலாம் என்று சட்டம் விட்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் உற்பத்தி நின்றது.

மின்வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகன் மின்சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். நிமிர்ந்து உட்கார்கிறான், பஸ் டிரைவருக்கு அவன் தலை தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்